உலைத்தீயும் உப்புக்காற்றும்

பேராதனையிற் புறப்பட்டுப் பதுளை மலைகளைக் கடந்து, பிபிலை, மகா ஓயா, கரடியனாறு என்னும் இடங்களின் வழியாகச் சமவெளிக்கு இறங்கிவரும் பெருந்தெரு செங்கலடியில் வந்து முடிகின்றது. முடியும் இடத்திற்கு அண்மையில் ஒருபுறம் வங்கக்கடல். மறுபுறம், பங்குடாவெளி தொடங்கிக் கல்முனை வரை ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி. நெல் விளையும் நிலமும் உப்புநீர்ப் பரப்பும் அருகருகே அமைந்த இத்தகைய நாட்டில் இரும்பு நெடுநாள் வாழ்வதில்லை. அறுவடை முடிந்ததும் தாக்கத்தியைத் துடைத்து எண்ணெய் பூசிக் கூரையிற் செருகி வைக்கும் வழக்கம் வெறும் சிக்கனத்தால் வந்ததன்று; ஒரு மாரி கழியுமுன் துரு அதன் வாயைத் தின்றுவிடும் என்பதை அனுபவம் கற்பித்ததால் வந்தது.

இன்று அவ்வூர்க் கடைகளில் எவர்சில்வர்ப் பாத்திரங்களும், கறையில் உருக்காற் செய்த கத்திகளும், படலைகளும், படிக்கட்டுக் கைபிடிகளும் விலையாகின்றன. கறையில் உருக்கு என்னும் பெயர் வாங்குவோனுக்கு ஒரு வாக்குறுதி போல ஒலிக்கின்றது. ஆயினும் இரண்டு மாரி கடந்தபின் கைபிடியைக் கூர்ந்து நோக்கினால், குழாயும் குழாயும் பொருத்தி ஒட்டப்பட்ட இடத்தின் ஓரமாகப் பழுப்புநிறக் கோடு ஒன்று தென்படுவதுண்டு. குழாயின் நடுப்பகுதி பளபளவென்றிருக்க, ஒட்டிய இடத்தின் அருகில் மட்டும் ஏன் இந்தக் கறை? கடைக்காரன் போலியை விற்றுவிட்டான் என்பது பெரும்பாலோர் முடிவு. சிலவேளை அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் உலோகம் நல்லதாயிருந்தும் அதற்கு ஊட்டப்பட்ட சூடு பிழைத்துப் போனால் இதே கறை தோன்றும். உருக்கின் வலிமையும் துருவை எதிர்க்கும் ஆற்றலும் அதில் என்ன கலந்திருக்கின்றது என்பதை மட்டும் பொறுத்தவையல்ல. எவ்வளவு சூடாக்கினார்கள், எப்படி ஆறவிட்டார்கள் என்பதையும் பொறுத்தவை. இந்த உண்மையை உலகம் அறிந்து கொண்ட வரலாறு செங்கலடியிலிருந்து மேற்கே செல்லும் அதே மலைநாட்டையும் தொட்டுச் செல்கின்றது.

பதுளைக்கும் அப்பால், ஊவாமலைகளின் தென்சரிவைக் கடந்து பலாங்கொடைப் பக்கம் செல்வோர் சமனலவெவ என்னும் நீர்த்தேக்கத்தைக் காண்பர். மின்சக்திக்காக 1992ஆம் ஆண்டில் நிறைவேறிய அணை அது. பள்ளத்தாக்கு நீரில் மூழ்குமுன் அங்கே தொல்பொருளாய்வு நடந்தபோது, கில் ஜூலெவ் என்னும் பிரித்தானிய அறிஞர் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் இரும்புருக்கிய உலைகளின் எச்சங்களை நிறையக் கண்டார். அவ்வகை உலையிடங்கள் எழுபத்தேழு கணக்கிடப்பட்டன. காலம் கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை. வியப்பு யாதெனில், அவ்வுலைகளுக்குத் துருத்தி இல்லை. ஆனி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி. உலையின் பின்சுவர் சரிவோடு சேர்ந்து நிலையாக நின்றது. முன்சுவர் ஒவ்வொரு முறையும் களிமண்ணால் எழுப்பப்பட்டு, உருக்கிய பின் உடைக்கப்பட்டது. சுவரின் மேலாகப் பாய்ந்து செல்லும் காற்று உலையின் வாயில் அழுத்தத்தைக் குறைக்க, கீழே பதித்த களிமண் குழல்களின் வழியே காற்று தானே உள்ளிழுக்கப்பட்டது. இத்தகைய உலையில் இரும்பு உருகுமா என்று ஐயுற்றவர் பலர். ஜூலெவ் 1994இல் அதே இடத்தில் அதே முறையில் உலையமைத்து எரித்துக் காட்டினார். கிடைத்தது இரும்பு மட்டுமன்று, காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் அவ்வாய்வு வெளிவந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல் கிந்தி, வாள்களைப் பற்றிய தம் நூலில் சரந்தீப் உருக்கைக் குறிப்பிட்டமைக்கு இங்கே சான்று கிடைத்தது என்றே கொள்ளலாம்.

காற்றுலைகளின் காலம் மறைந்த பின்னரும் உருக்குத் தொழில் மறைந்துவிடவில்லை. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள அலுத்நுவரவில் அது வழக்கொழியும் தறுவாயில் இருந்தபோது, கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக இலங்கையிற் பணிபுரிந்த ஆனந்த குமாரசுவாமி அதை நேரிற் கண்டு எழுதி வைத்தார். 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் அவர் நூலில் அவ்விவரம் உண்டு. தேனிரும்புத் துண்டையும் ஆவாரை மரத்தின் சிறாம்புகளையும் களிமண் குகையில் இட்டு, வாயைக் களிமண்ணால் மூடி, கரி நெருப்பில் வைத்து ஊதுவார்கள். மூடிய குகையினுள் விறகு எரிந்து சாம்பலாவதில்லை. கரியாகி, அக்கரியின் காபனை இரும்பு உண்கின்றது. காபன் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை இறங்குகின்றது. தூய இரும்பு உருக 1538 பாகை சதமளவு வேண்டும். காபன் உண்ட இரும்போ அதற்கு மிகக் கீழே உருகிவிடும். சேலம் பகுதியிலும் ஏறத்தாழ இதே முறைதான். அங்கேயும் ஆவாரை விறகு, மூடுவதற்கு எருக்கிலை. உருக்கி எடுத்தமையாலேயே அதற்கு உருக்கு என்று பெயர் வந்தது. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று வழங்கிய சொல் இந்த உருக்கு என்னும் சொல்லின் திரிபே என்பது பலர் ஒப்பிய கருத்து.

இந்நாட்டுக் கொல்லர் உருக்கியதோடு நின்றுவிட்டனரா, சூட்டினாற் பதமேற்றவும் அறிந்திருந்தனரா என்பது அடுத்த வினா. அதற்கு விடை தந்தவர் ஷெபீல்ட் நகரத்து உருக்கு அறிஞர் சர் றொபேட் ஹட்பீல்ட். கொழும்பு நூதனசாலையிலிருந்து பெற்ற பழைய இரும்புப் பொருள்களை அறுத்துப் பார்த்து 1912இல் அவர் அறிக்கை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று சிகிரியாவிற் கிடைத்த, ஐந்தாம் நூற்றாண்டினதென மதிக்கப்பட்ட உளி. அதன் இரும்பில் காபன் ஏற்றப்பட்டிருந்ததையும், சூடாக்கி நீரில் தோய்த்ததன் அடையாளத்தையும் அவர் கண்டார். காசியப்பன் குன்றைச் செதுக்கிய கைகளுக்குத் தோய்ச்சல் தெரிந்திருந்தது. ஆனால் எந்த நிறச் சூட்டில் எடுத்தார்கள், எவ்வளவு நேரம் தோய்த்தார்கள் என்பன எங்கும் எழுதப்படவில்லை. தந்தையின் கண்ணிலிருந்து மகனின் கண்ணுக்குச் சென்ற அறிவு அது. கண்கள் மூடியபோது அதுவும் மூடிற்று.

தில்லியில் குதுப் மினாரின் அருகே ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக நிற்கும் இரும்புத்தூணைக் கறையில் உருக்கின் முன்னோடி என்று சிலர் எழுதுவர். அது பொருந்தாது. அதிற் குரோமியம் இல்லை. அதனைக் காப்பது இரும்பிலுள்ள மிகையான பொசுபரசும், அதனால் மேற்பரப்பிற் படிந்த மென்படையும், தில்லியின் உலர்ந்த காற்றுமே. அத்தூணை வாவிக் கரையில் நட்டிருந்தால் கதை வேறாயிருக்கும்.

இந்தியாவிலிருந்து சென்ற வூட்ஸ் கட்டிகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் பெரும் பரபரப்பை விளைத்தன. 1795இல் ஜோர்ஜ் பியர்சன் என்பவர் அவற்றைப் பற்றி றோயல் சங்கத்தில் ஆய்வுரை வழங்கினார். ஆனால் ஆங்கிலக் கொல்லர் பலருக்கு அந்தக் கட்டி வசப்படவில்லை. தங்கள் இரும்பைப் போல மஞ்சள் வெண்மை நிறம் வரும்வரை சூடாக்கி அடித்தார்கள். கட்டி பிட்டுப் போல உதிர்ந்தது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் காபன் கொண்ட அவ்வுருக்கைச் செந்நிறச் சூட்டிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும் என்பதை அறியாதார் அது தரமற்றது என்றனர். அறிந்து பழகியவர்களுள் ஒருவர் சத்திர வைத்தியக் கருவிகள் செய்த ஜேம்ஸ் ஸ்டோடாட். ஐரோப்பாவின் சிறந்த உருக்கினும் இந்திய உருக்கே மேலென்று அவர் தம் கடை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். பழியை உலையின்மேற் சுமத்தாமல் உலோகத்தின்மேற் சுமத்துவது அன்று முதல் இன்று வரை எளிய வழியாகவே இருந்து வருகின்றது.

ஸ்டோடாட்டின் துணையோடு இவ்வுருக்கின் இரகசியத்தைத் தேடப் புகுந்தவர் வேறு யாருமல்லர், பின்னாளில் மின்னியலின் தந்தையாகப் போற்றப்பட்ட மைக்கல் பரடே. 1819இல் வூட்ஸைப் பகுத்தாய்ந்து, அதன் சிறப்புக்கு அலுமினியமும் சிலிக்காவுமே காரணம் என்று அவர் முடிவு செய்தார். அது தவறான முடிவு. ஆனால் அத்தவறு அவரை நல்ல வழியிற் செலுத்திற்று. வேறு உலோகங்களைக் கலந்தால் இதைப்போன்ற உருக்குக் கிடைக்குமோ என்று வெள்ளி, பிளாற்றினம், றோடியம், நிக்கல், குரோமியம் என ஒவ்வொன்றாக உருக்கிற் கலந்து 1820இலும் 1822இலும் வெளியிட்டார். அவர் செய்து வைத்த எழுபத்தொன்பது மாதிரிகள் ஒரு பெட்டியில் நூறாண்டுக்கு மேல் உறங்கின. அவற்றை எடுத்து ஆராய்ந்து 1931இல் நூலாக்கியவரும் சிகிரியா உளியை அறுத்த அதே ஹட்பீல்ட்தான். கலப்புருக்கு என்னும் துறைக்கே வித்திட்டது தென்னாசியக் குகையில் உருகிய ஒரு கட்டி எனின் அது மிகையாகாது.

குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தை எதிர்க்கின்றது என்பதை 1821இலேயே பிரான்சில் பேர்தியே என்பவர் கண்டு, கத்தி செய்ய உதவுமே என்றும் சொன்னார். எனினும் கறையில் உருக்கு பிறக்க மேலும் தொண்ணூறு ஆண்டுகள் சென்றன. காபனைக் குறைத்துக் குரோமியத்தைக் கூட்டும் வழி அக்காலத்தில் இல்லாமை ஒரு தடை. ஹட்பீல்ட் போன்ற பேரறிஞரே 1892இல் குரோமிய உருக்கைச் செறிந்த கந்தகவமிலத்தில் இட்டுப் பார்த்து, குரோமியம் அரிப்பைத் தடுக்காது, கூட்டவே செய்கின்றது என்று எழுதியமை மற்றொரு தடை. கந்தகவமிலம் என்ற ஒரே தேர்வில் தோற்ற மாணவனை எல்லாப் பாடத்திலும் தோற்றவனாகக் கருதியது போன்றது அது.

ஷெபீல்டில் வறிய குடும்பத்திற் பிறந்து, சிறுவனாகவே உருக்காலையிற் புகுந்து, தானே கற்று உயர்ந்த ஹரி பிறேர்லி என்பவர், துப்பாக்கிக் குழல்கள் உள்ளே தேய்ந்து போவதைத் தடுக்க 1912இல் வேலை தொடங்கினார். 1913 ஓகத்து 13ஆம் நாள் மின்னுலையில் வார்த்த உருக்கில் குரோமியம் நூற்றுக்கு 12.8 பங்கு, காபன் 0.24 பங்கு. உருக்கின் உள்ளமைப்பை நுணுக்குக்காட்டியிற் பார்ப்பதற்கு அதன் முகத்தை அமிலத்தால் அரிப்பது வழக்கம். இவ்வுருக்கின் முகமோ சில நிலைகளில் அரிபடவேயில்லை. எறிந்த குழல் பழைய இரும்புக் குவியலில் மினுங்கிக் கொண்டிருந்தது என்று வழங்கும் கதையிலும் இதுவே நம்பத்தக்கது. அவர் கவனித்த உண்மையின் நுட்பம் இதுதான்: சூடாக்கித் தோய்த்துக் கடினமாக்கிய துண்டு அமிலத்தை எதிர்த்தது; மெல்ல ஆறவிட்டு மென்மையாக்கிய துண்டு அவ்வளவு எதிர்க்கவில்லை. கலவை ஒன்றே, வார்ப்பு ஒன்றே. உலையில் அவை பட்ட பாடு மட்டும் வேறு.

பிறேர்லி உணவுக் கத்திக்கு இது ஏற்றது என்றார். ஆலை முதலாளிகள் செவிசாய்க்கவில்லை. அவர் அனுப்பிய துண்டுகளில் கத்தி செய்த தொழிலாளர், தங்களுக்குப் பழகிய சாதாரண உருக்கின் சூட்டையே இதற்கும் கொடுத்தனர். அச்சூடு 800 பாகையை அண்டிய செந்நிறச் சூடு. கத்திகள் அடிபட மறுத்தன, கூர் ஏறவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரை நகையாடினர். கடைசியில் ஏர்ணஸ்ட் ஸ்டூவட் என்னும் கத்தித் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் முயன்று பார்த்து, மூன்றாம் முறையில் வெற்றி கண்டார். வினாகிரியில் இட்டும் கறைபடாத அதற்குக் கறையில் உருக்கு என்னும் பொருள்பட ஆங்கிலப் பெயரிட்டவரும் அவரே. நூறாண்டுக்கு முன் வூட்ஸ் கட்டியை அளவுக்கு மிஞ்சிய சூட்டாற் கெடுத்த அதே நாடு, இப்போது புதிய உருக்கை அளவுக்குக் குறைந்த சூட்டாற் கெடுத்தது. 1916இல் அமெரிக்காவில் பிறேர்லி பெற்ற காப்புரிமையின் வாசகம் பலர் கவனியாதது. ஒன்பது முதல் பதினாறு பங்கு குரோமியம் கொண்ட உருக்கு என்பதோடு அது நிற்கவில்லை. கடினமாக்கி மெருகிட்ட பொருள் என்றும் வரையறுத்தது. கலவையைப் போலவே சூடும் கண்டுபிடிப்பின் பகுதியாயிற்று.

இதன் காரணம் விளங்கக் கடினமானதன்று. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து உருக்கின் முகத்தில் ஒரு படலத்தை நெய்கின்றது. தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்திலொரு பங்கே அதன் தடிப்பு, கண்ணுக்குத் தோன்றாது. கீறினால் மறுபடியும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அதற்கு உலோகத்திற் கரைந்த நிலையில் ஏறத்தாழப் பதினொரு பங்குக்குக் குறையாத குரோமியம் இருத்தல் வேண்டும். கரைந்த நிலையில் என்பதே இங்கு உயிர்நாடி. காபன் குரோமியத்தை மிக விரும்பும் பொருள். ஒரு பங்கு காபன் ஏறத்தாழப் பதினாறு பங்கு வரை குரோமியத்தைப் பற்றி இழுத்துத் தன்னோடு காபைட்டாகக் கட்டிவிடும். கட்டுண்ட குரோமியம் படலம் நெய்ய வராது. பிறேர்லியின் உருக்கை 1000 பாகை அளவுக்குச் சூடாக்கினால் அக்கட்டுகள் கரைந்து காபனும் குரோமியமும் இரும்பினுட் பரவுகின்றன. விரைந்து குளிர்வித்தால் மீண்டும் கூட நேரமின்றி அப்படியே சிறைப்படுகின்றன. சிறைப்பட்ட காபன் கடினத்தைத் தருகின்றது, விடுபட்ட குரோமியம் காவலைத் தருகின்றது. 800 பாகையோடு நிறுத்தினால் இரண்டும் கிட்டா. தோய்த்தபின் நொறுங்காதிருக்க மீண்டும் இளஞ்சூடு காட்டுவர். கத்திக்கு 150 முதல் 200 பாகை போதும். பழைய பழக்கத்தில் 500 பாகையளவுக்கு ஏற்றினால் காபைட்டு மறுபடியும் முளைத்து, உரமும் குறையும், துருவும் ஏறும்.

அதே 1912, 1913ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் குரூப் ஆலையில் ஸ்ட்ராவுஸ், மௌரர் என்னும் இருவர் குரோமியத்தோடு நிக்கலும் கலந்த வேறொரு வகையை ஆக்கினர். பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கொண்ட இன்றைய எவர்சில்வர் அதன் வழிவந்தது. இவ்வகையின் இயல்பு கொல்லனைத் திகைக்கச் செய்யும். 1050 பாகைக்குச் சூடாக்கி நீரில் தோய்த்தால் தாக்கத்தி கடினமாகும்; இதுவோ மென்மையாகும். தீயால் இதற்கு உரமேற்ற முடியாது. குளிர்ந்த நிலையில் அடித்தும் உருட்டியும் இழுத்துமே உரமேற்ற வேண்டும். தீயாலும் உரமேறும் கறையில் உருக்கு வகைகள் இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவாகின. செம்பு போன்றவற்றைச் சேர்த்து, தோய்த்தபின் 500 பாகையை அண்டிய சூட்டில் சில மணிநேரம் வைத்து உரமேற்றுவது அவற்றின் முறை.

பதினெட்டு எட்டு உருக்கு புழக்கத்துக்கு வந்தபின், இரசாயன ஆலைகளில் ஒட்டிய தொட்டிகள் ஒட்டின் ஓரமாகவே அரித்து ஒழுகத் தொடங்கின. 1930களில் அதன் காரணம் தெளிவாயிற்று. ஒட்டும் இடம் உருகும்போது அதற்குச் சற்று விலகிய ஒரு வரம்பு 450 முதல் 850 பாகை வரையுள்ள சூட்டில் சிறிது நேரம் நிற்கின்றது. அச்சூட்டிற் காபன் ஓடித் திரியும். குரோமியம் மெல்லவே நகரும். உருக்கு என்பது நெல்மணிகளை நெருக்கி வைத்ததுபோல் எண்ணற்ற பளிங்கு மணிகளால் ஆனது. மணிகளின் எல்லையிற் காபன் சேர்ந்து அண்டையிலுள்ள குரோமியத்தைப் பிடித்துக் காபைட்டாகின்றது. மொத்தத்தில் இழப்பு மிகச் சிறிது. பதினெட்டில் ஒரு பங்கு போனாலும் பதினேழு மிஞ்சும். ஆனால் இழப்பு முழுவதும் எல்லைக்கோட்டிலேயே நிகழ்வதால் அங்கே குரோமியம் பதினொன்றுக்குக் கீழே இறங்கிவிடுகின்றது. வரம்பு உடைந்த வயலிற் புகும் நீர்போல அரிப்பு அவ்வழியே உட்செல்லும். மணிகள் கெடாமலே உருக்கு உதிரும். இதற்குக் கண்ட பரிகாரங்கள் மூன்று. ஒட்டிய பொருள் முழுவதையும் 1050 பாகைக்கு மீண்டும் சூடாக்கி விரைந்து குளிர்வித்தல் பழையது. பெரிய தொட்டிக்கு அது நடவாத காரியம். தைத்தானியம் அல்லது நியோபியம் சேர்த்தால், காபன் குரோமியத்தை விட்டு அவற்றைப் பற்றிக்கொள்ளும். மூன்றாவது, காபனையே 0.03 பங்குக்குக் குறைத்தல். உருக்காலைகளின் திறம் வளர்ந்த பின் இதுவே பெருவழக்காயிற்று.

வாவிக்கரைக் கைபிடியின் பழுப்புக் கோட்டுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மெல்லிய குழாயில் ஒட்டு விரைவில் ஆறிவிடுவதாலும், இன்றைய உருக்கில் காபன் குறைவாதலாலும், பெரும்பாலும் காரணம் இன்னும் எளியது: ஒட்டும்போது சூட்டினால் தோன்றும் நீலமும் மஞ்சளுமான நிறத்தைத் தேய்த்து நீக்காமல் விட்டுவிடுதல். அந்நிறப் படையின் கீழே உலோகம் குரோமியத்தை இழந்து கிடக்கும். அதைத் தேய்த்து, அதற்குரிய அமிலப் பசையால் கழுவினால் படலம் புதிதாய் முளைக்கும். மறந்தும் சாதாரண இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்க்கலாகாது. அதன் துகள்கள் பதிந்து துருவாகும்.

சூடு செம்மையாய் அமைந்தாலும் உப்பு விடுவதில்லை. கடற்காற்றிலுள்ள குளோரைட்டு படலத்தின் நலிந்த இடத்தைத் துளைத்துக் குண்டூசி முனையளவு குழி தோண்டும். அதற்கு மாற்று மொலிப்டினம் இரண்டு பங்கு சேர்ந்த உயர்ந்த வகை. விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. அது கைக்கெட்டாதவர்க்கு நன்னீர் உண்டு. மாரிமழை படும் வெளிப்பக்கத்தை விடக் கூரையின் கீழே மழைபடாத பக்கமே முதலிற் கறைபடுவதைக் கரையோர வீடுகளிற் காணலாம்; உப்பைக் கழுவ அங்கே மழை எட்டுவதில்லை. கிணற்று நீர் உவரில்லாத இடங்களில் வாரம் ஒருமுறை கழுவித் துடைத்தால் கைபிடி நெடுநாள் நிற்கும்.